வெளியே தண்ணீர் நகர்கிறது, உள்ளே உப்பு நகர்கிறது

தூத்துக்குடி உப்பளத்தில் யாரும் தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதில்லை. உப்பிடமிருந்து தண்ணீரைத்தான் அனுப்பிவைக்கிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும். கூடப் போக வழியில்லாத உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். அதை வாரிக் குவிப்பதுதான் மனிதர் வேலை. கடல் ஆவியாகி நல்ல மழையாக இறங்குவதும், துருவப் பகுதியில் கடல் உறைவதும் அடிப்படையில் இதே கதைதான். தண்ணீர் தனியே கிளம்புகிறது, உப்பு பின்தங்குகிறது.

உடம்புக்குள்ளும் உப்பும் தண்ணீரும் பிரிகின்றன. ஆனால் அங்கே வேலை நேர்மாறாக நடக்கிறது. தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் பம்ப் என்று ஒன்று நம் உடம்பில் கிடையாது. இருப்பதெல்லாம் உப்பைத் தள்ளும் பம்ப்கள். உப்பு போன பக்கம் தண்ணீரும் போகும். அது போகக் கூடாத இடங்களில் மட்டும் தண்ணீர் நுழையாத சுவர் கட்டப்பட்டிருக்கிறது. சிறுநீரகம், வியர்வைச் சுரப்பி, குடல் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. இது பிடிபடாததால்தான் ஆஸ்பத்திரியில் "சோடியம் குறைஞ்சிருக்கு" என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அங்கே கடைசியில் வருவோம். முதலில் அளத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

கடல்நீர் ஒரு கிலோவில் சராசரியாக 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் குழம்புக்குப் போடும் சோடியம் குளோரைடு. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் வகையறா. தூத்துக்குடி வட்டாரத்தில் பல அளங்களுக்குக் கடல்நீர்கூட வருவதில்லை. போர் போட்டு நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிடச் செறிவானது என்பதால் வெயிலுக்கு வேலை குறைவு.

உப்புநீரின் செறிவை அளத்தில் 'டிகிரி' கணக்கில் பார்ப்பார்கள். கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு மிதவையை நீரில் விட்டால் அது எவ்வளவு மேலே நிற்கிறதோ அதுதான் டிகிரி. சாதாரணக் கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்ற மாற்ற, நீர் வற்ற வற்ற, டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு படிகிறது. 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. 25 டிகிரியைத் தாண்டும்போதுதான் உப்பு கட்டுகிறது. அந்தக் கட்டத்தில் ஆரம்பத்தில் விட்ட கடல்நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். அப்புறம் 29, 30 டிகிரிக்கு மேல் விட்டுவைத்தால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கி உப்பே கசந்துபோகும். அதனால் அதற்கு முன்பே அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும்.

ஆக, அளத்தில் நடப்பது உப்பையும் தண்ணீரையும் பிரிப்பது மட்டுமல்ல, ஓர் உப்பை இன்னோர் உப்பிடமிருந்து பிரிப்பதும்தான். எந்த டிகிரியில் நீரைத் திறந்துவிடுவது, எதில் வடிப்பது என்கிற கணக்கில்தான் சரக்கின் தரம் நிற்கிறது. மழைக்காலத்தில் ஜாடியில் கல்லுப்பு நீர்த்துக்கொண்டு ஓடுவது இதன் மிச்சமே. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரம் இழுக்கும். மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு, ஐப்பசி வந்ததும் தன் பூர்வீகத்தைக் காட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கற்கண்டு செய்கிறவர்கள் சூடான பாகை ஆறவிட்டே கட்டியாக்குகிறார்கள். சர்க்கரை வெந்நீரில் அதிகமாகவும் ஆறிய நீரில் குறைவாகவும் கரையும் என்பதால் அது முடிகிறது. உப்பிடம் இந்த வித்தை பலிக்காது. 100 கிராம் தண்ணீரில் 25 டிகிரி வெப்பத்தில் 36 கிராம் உப்பு கரைகிறது. கொதிக்கும்போது கரைவது 39 கிராம், அவ்வளவுதான். சூட்டை ஏற்றி இறக்கி உப்பை ஏமாற்ற முடியாது. தண்ணீரை அனுப்பினால்தான் உண்டு.

அனுப்புவதற்கு ஆகும் செலவு லேசுப்பட்டதல்ல. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் லிட்டர் கடல்நீரை வற்றவைக்க 600 யூனிட்டுக்கு மேல் ஆகும். பில் வராத ஒரே காரணத்தால்தான் உப்பு இத்தனை மலிவாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் உற்பத்தி முழுக்கவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிந்துவிடுவதற்கும் அதே சூரியன்தான் காரணம்.

உண்மையில் உப்பையும் தண்ணீரையும் பிரிக்க அவ்வளவு சக்தி தேவையே இல்லை. ஆயிரம் லிட்டர் கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க இயற்பியல் விதிகள் கேட்கும் குறைந்தபட்ச விலை ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வரும். மற்றதெல்லாம் தண்ணீரை ஆவியாக்கும் செலவு. ஆவியாக்காமலே தண்ணீரை நகர்த்தினால் இந்தச் செலவு மிச்சம். சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருக்கும் கடல்நீர்க் குடிநீர் நிலையங்கள் செய்வது அதைத்தான். 2010-இல் மீஞ்சூரும் 2013-இல் நெம்மேலியும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு வந்தன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு நிலையம் சேர்ந்தது. தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கடல்நீரை வைத்தால், எதிர்ப்பக்க நன்னீர்தான் கடல்நீர் பக்கம் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலைத் தடுத்து நிறுத்தவே சுமார் 27 வளிமண்டல அழுத்தம் கொடுக்க வேண்டும். திசையை மாற்றி, ஓரளவு வேகத்தில் நன்னீரை எடுக்க வேண்டுமென்றால் 55 முதல் 70 வரை. இப்படி எடுக்கும் நல்ல நிலையங்களில் ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் ஆகிறது. எடுத்த கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகும். மீதி, கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்பும்.

இதைப் பம்ப் இல்லாமல் செய்கிறது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. சுரபுன்னை மரத்தின் வேர்கள் நிற்பது உப்புச் சேற்றில். ஆனால் அதன் தண்டுக்குள் ஏறும் நீரில் உப்பு மிகமிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லா உப்பையும் வேரே வாசலில் தடுத்துவிடுகிறது. தடுப்பது சரி, 27 வளிமண்டல எதிர்ப்பை மீறித் தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? 1960-களில் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் குழுவினர், வெட்டிய கிளையை ஓர் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனையில் சாறு எட்டிப்பார்க்கும்வரை காற்றழுத்தத்தை ஏற்றி இதை அளந்தார்கள். அலையாத்தி மரங்களில் அந்த அழுத்தம் 30-லிருந்து 60 வளிமண்டலம் வரை போனது. அதாவது இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டுக்குள் இருக்கும் நீர்க்கம்பி அவ்வளவு விசையோடு மேலே இழுபடுகிறது. நெம்மேலியில் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், பிச்சாவரத்தில் முன்னாலிருந்து இழுக்கிறது. அளவு ஏறத்தாழ ஒன்றுதான். எனக்கு இந்தப் பொருத்தம் எப்போது நினைத்தாலும் வியப்புதான்.

அதே காட்டில் பக்கத்திலேயே நிற்கும் வெண்கண்டலின் முறை கொஞ்சம் வேறு. அதுவும் வேரிலேயே பெரும்பகுதியைத் தடுக்கும், ஆனால் சுரபுன்னை அளவுக்குக் கறாராக இல்லை. உள்ளே நுழைந்துவிட்ட உப்பை இலையிலிருக்கும் சுரப்பிகள் வழியே வெளியே கொட்டும். வறண்ட நாளில் இலையை விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உப்பு ஒட்டும். நக்கிப் பார்த்தால் கரிக்கும். இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. வேரில் நகர்ந்தது தண்ணீர். இலைச் சுரப்பியில் நகர்வது உப்பு. உயிருள்ள செல் சக்தி செலவழித்து உப்பைத் தள்ளுகிறது.

பிராணிகளுக்குப் போவதற்கு முன்னால் உறைபனியைப் பற்றிச் சுருக்கமாக. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். பனிக்கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் சோடியத்துக்கோ குளோரைடுக்கோ இடமே இல்லை. வெளியே தள்ளப்படும் உப்பு, பனிக்குள் நுண்ணிய குழிகளிலும் கால்வாய்களிலும் அடர்ந்த உப்புநீராகத் தேங்கி, மெல்ல மெல்லக் கீழே வடிகிறது. அதனால் புதுக் கடற்பனி கரிக்கும், சில கோடைகளைத் தாண்டிய பழைய பனியை உருக்கிக் குடிக்கலாம். ஆர்க்டிக் மக்களுக்கு இது அனுபவ ஞானம். வடிந்த உப்புநீர் கனமானது, குளிர்ந்தது. அண்டார்டிக்காவைச் சுற்றி அது கடலடிக்கு இறங்கி வடக்கே பரவுகிறது. இந்தியப் பெருங்கடலின் அடியாழத்தில் நிற்கும் குளிர்நீர் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, உயிர்களுக்கு வருவோம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் முட்டையிட ஏறும் பங்குனி ஆமையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள்: முட்டையிடும்போது அது அழுகிறது என்று. கண்ணோரம் கொழகொழவென்று நீர் வழிந்து மணல் ஒட்டியிருக்கும். பிரசவ வேதனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது கடலுக்குள் இருக்கும்போதும் அப்படித்தான் 'அழுதுகொண்டிருக்கும்', அலையில் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பை இழுத்து வெளியேற்றுகிறது. அந்தக் கண்ணீர் கடல்நீரைவிட உப்பானது. நீர்க்காகம், கடற்பறவைகள் மூக்கு வழியாக இதையே செய்கின்றன என்பதை 1957-இல் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர் கண்டுபிடித்தார். கடல்நீரைக் குடித்து, அதைவிட அடர்ந்த உப்புநீரை வெளியே விட்டால் மிச்சம் நன்னீர். அதுதான் லாபம்.

நமக்கு அந்தச் சுரப்பி இல்லை, சிறுநீரகம்தான் இருக்கிறது. கடலில் தத்தளிப்பவன் கடல்நீரைக் குடித்தால் செத்துப்போவான் என்பதற்குக் காரணம் இதுதான். மனிதச் சிறுநீரகம் சிறுநீரை ரத்தத்தைப்போல நாலு மடங்கு வரைதான் அடர்த்தியாக்கும். அந்த அடர்த்தியிலும் யூரியாவுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பை வெளியே தள்ள ஒரு லிட்டருக்கும் அதிகமான சிறுநீர் போக வேண்டிவருகிறது. குடிக்கக் குடிக்கக் காய்ந்துபோவான். போதாததற்கு அளத்தில் வடித்துக் கொட்டுகிறார்களே, அந்த மெக்னீசியம் உப்புகள் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

இப்போது சிறுநீரகத்துக்குள் நுழையலாம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு சேர்ந்து வடியும் உப்பு ஒன்றரைக் கிலோ! உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் சாப்பிடச் சொல்கிறது என்பதோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். வடிந்ததில் 99 சதவீதத்துக்கு மேல் மறுபடி ரத்தத்துக்கே திரும்புகிறது. பீரோவில் வேண்டாததைத் தேடி எடுப்பதற்குப் பதில், எல்லாத் துணியையும் வெளியே கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவது போன்ற வேலை. உடம்பின் எடையில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லாத இந்த உறுப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போவதன் காரணம் இந்த வடிகட்டல்தான்.

வடிகட்டும் இடத்தில் உப்பும் தண்ணீரும் பிரிவதில்லை. இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. அடுத்து வரும் முதல் குழாயிலும் பிரிவதில்லை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்படுகிறது, ஆனால் உப்பைப் பம்ப் தள்ள, அதே அளவுக்குத் தண்ணீரும் கூடவே போகிறது. அந்தப் பம்ப் நம் செல்கள் எல்லாவற்றிலும் இருப்பதுதான்: மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கௌ என்ற விஞ்ஞானி நண்டின் கால் நரம்புகளை வைத்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு வந்தது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல்.

பிரிவு நடப்பது அதற்கடுத்த வளைவில். கொண்டை ஊசிபோல இறங்கி ஏறும் அந்தக் குழாயை 1862-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யாக்கோப் ஹென்லே விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இறங்கும் பகுதியின் சுவரில் தண்ணீர் தாராளமாகப் புகும், உப்பு எளிதில் புகாது. ஏறும் பகுதியில் தண்ணீர் ஒரு சொட்டுப் புகாது. ஆனால் உப்பைப் பம்ப் செய்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பு முழுவதிலும் உப்பைத் தண்ணீரிடமிருந்து உண்மையிலேயே கழற்றிவிடும் முக்கியமான இடம் இந்த ஏறுகுழாய்தான். இதைத் தாண்டி மேலே போகும் நீர் ரத்தத்தைவிட நீர்த்தது. வெளியே தள்ளப்பட்ட உப்பு சிறுநீரகத்தின் உட்பகுதியிலேயே குவிகிறது.

ஒரு படியில் பம்ப் உண்டாக்கும் செறிவு வித்தியாசம் சிறியதுதான். ஆனால் இறங்குகுழாயும் ஏறுகுழாயும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அது படிப்படியாகக் கூடி, வளைவின் அடிமுனையில் ரத்தத்தைப்போல நாலு மடங்கு வரை செறிவு ஏறிவிடுகிறது. வளைவு நீண்டால் செறிவும் கூடும். இந்த எதிரோட்ட யோசனையை 1942-இல் முன்வைத்தவர் மருத்துவர் அல்ல, வெர்னர் குன் என்ற வேதியியலாளர். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு துள்ளெலி இருக்கிறது. அது தன் சிறுநீரை நம்முடையதைப்போல ஏழு மடங்குக்கு மேல் அடர்த்தியாக்கும். தண்ணீர் குடிக்காமலே அதனால் காலந்தள்ள முடியும்.

உப்பைக் குவித்து வைத்ததன் பலன் கடைசிக் கட்டத்தில் கிடைக்கிறது. சிறுநீரைக் கொண்டுபோகும் கடைசிக் குழாய், அந்த உப்பு குவிந்த பகுதியின் ஊடாகவே இறங்கி வர வேண்டும். மூளையிலிருந்து வாசோபிரசின் ஹார்மோன் வந்தால் அதன் சுவரில் தண்ணீருக்கான வாசல்கள் திறக்கின்றன, வெளியே காத்திருக்கும் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, சிறுநீர் மஞ்சளாகக் குறைவாக வரும். ஹார்மோன் வராவிட்டால் வாசல் மூடியே இருக்கும், தெளிந்த நீராக நிறைய வரும். மது குடித்தவர்கள் அடிக்கடி எழுந்து போவது ஹார்மோனை மது அமுக்கிவிடுவதால். அந்த வாசல்களின் முதல் ரகத்தை 1992-இல் பீட்டர் ஆக்ரே அடையாளம் காட்டினார், 2003-இல் நோபல் பெற்றார். ஒரு வாசல் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும், ஒரு சோடியம்கூட நுழையாது. நெம்மேலிச் சவ்வுகூட இந்த அளவுக்குச் சுத்தமில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது: அது வெறும் வாசல்தான். தள்ளும் வேலை முழுக்க உப்புப் பம்புடையது.

கால் வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் 'நீர் மாத்திரை' கொடுப்பார்களே, லாசிக்ஸ் மாதிரி, அது தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஹென்லே வளைவின் ஏறுகுழாயில் உப்பு உள்ளே போகும் வழியை அடைக்கிறது. உப்பு மீளாமல் சிறுநீரில் போக, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. ரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதும் இதன் மறுபக்கம். சிறுநீரகம் உப்பைத் தேக்கினால் தண்ணீர் தேங்கும், தண்ணீர் தேங்கினால் ரத்தக் குழாயில் அழுத்தம்.

வியர்வையிலும் இதே உத்தியின் சிறிய வடிவம் உண்டு. சுரப்பியின் அடிச்சுருளில் உருவாகும் வியர்வை ரத்தநீர் அளவுக்கே உப்பானது. தோலுக்கு ஏறும் குழாயில் உப்பு மட்டும் திரும்ப உறிஞ்சப்படுகிறது, அந்தச் சுவரில் தண்ணீர் புகாது. அதனால் வெளியே வரும் வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. வேகமாக வியர்த்தால் உறிஞ்ச நேரம் போதாமல் வியர்வை கரிக்கும், சட்டையில் வெள்ளைக் கோடு விழும். வெயில் வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் பழகிய உடம்பு உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள எந்தப் பழக்கமும் உதவாது, அது போய்த்தான் ஆக வேண்டும். அளத்தில் நாள்முழுக்க நிற்கிறவர்கள், குறிப்பாகக் கழிப்பறை வசதியில்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்கள், இதற்குச் சிறுநீரகத்தால் விலை கொடுக்கிறார்கள். உப்பின் விலையில் வெயிலுக்குத்தான் காசில்லை என்றேன், இவர்கள் உடம்புக்கும் சேர்த்துத்தான்.

குடலில் உப்பும் தண்ணீரும் பிரிவதில்லை, சேர்ந்தே பயணிக்கின்றன. நாம் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால் எச்சில், பித்தம், குடல் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் ஆறேழு லிட்டர் குடலுக்குள் கொட்டுகிறது. மலத்தில் போவது 200 மில்லிக்குள். மற்றதெல்லாம் சோடியத்தின் பின்னால் ரத்தத்துக்குத் திரும்புகிறது. காலராவில் நச்சு என்ன செய்கிறதென்றால், குளோரைடு வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்ட, தண்ணீரும் கொட்டுகிறது. ஆனால் ஒரு வழி மட்டும் கெடாமல் இருக்கும்: ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும் வாசல். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது திறக்காது. வெறும் தண்ணீர் ஏன் போதவில்லை, வெறும் உப்புநீர் ஏன் போதவில்லை என்பதற்கு இதுதான் விடை.

1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்துப் போங்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், கூடவே கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். சர்க்கரை ருசிக்காகப் போட்டதல்ல, சாவியாகப் போட்டது. அதற்காக அதிகம் போட்டாலும் ஆபத்து: மிஞ்சிய சர்க்கரை ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பேதிக்குக் குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் கொடுக்கக் கூடாதென்பது இதனால்தான். நம் வீட்டு உப்புக் கஞ்சி வேலை செய்வதன் ரகசியமும் இங்கேதான். அரிசி மாவுச்சத்து குடலுக்குள் மெதுவாக உடைந்து குளுக்கோஸாகிறது, ஒரேயடியாகச் சேர்ந்து தண்ணீரை இழுப்பதில்லை.

இனி, அந்த "சோடியம் குறைஞ்சிருக்கு." ரத்தப் பரிசோதனையில் சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும். வயதானவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார், பார்த்தால் 118. சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததால் வந்தது என்று வீட்டில் குற்றவுணர்ச்சி கிளம்பும். ஆனால் அந்த எண் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு எவ்வளவு சோடியம் என்பதை மட்டுமே சொல்கிறது. உப்பு குறைந்தாலும் எண் இறங்கும், தண்ணீர் கூடினாலும் இறங்கும். பல நேரங்களில் நடப்பது இரண்டாவதுதான். நிமோனியா, மூளைப் பாதிப்பு, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றால் வாசோபிரசின் தேவையில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். கடைசிக் குழாயின் வாசல்கள் மூடவே மூடாது, குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல் தேங்கும். இதயம் பலவீனமானவருக்கும் ஈரல் சுருங்கியவருக்கும் நிலைமை இன்னும் விசித்திரம்: கால் வீங்கியிருக்கும், உடம்பில் உப்பு தேவைக்கு மேல் இருக்கும், அதைவிட அதிகமாகத் தண்ணீர் இருப்பதால் அளவில் சோடியம் குறைவு என்று வரும். அங்கே உப்பை அள்ளிக் கொடுத்தால் வீக்கம்தான் கூடும். பெரும்பாலும் மருத்துவர் சொல்வது தண்ணீரைக் குறைக்கத்தான், "தண்ணி கேக்குறாங்க, குடுக்க வேணாம்கறாங்களே" என்று உறவினர்கள் கோபப்படுவதும் அப்போதுதான்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் தையசைடு வகை இதற்குப் பேர்போனது. லாசிக்ஸ் ஏறுகுழாயையே அடைப்பதால் உள்ளே உப்புக் குவியலும் கரைந்துபோகிறது, தண்ணீரைத் திரும்ப இழுக்க ஆளில்லை. தையசைடு அதற்கு அடுத்த கட்டத்தில் உப்பை வெளியேற்றுகிறது, உள்ளே குவியல் அப்படியே இருக்கும். விளைவு, உப்பு போகும், தண்ணீர் தங்கும். வயதான பெண்களிடம் இது அதிகம். வெயில் காலத்தில் 'நிறையத் தண்ணி குடிங்க' என்ற பொது அறிவுரையும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் சோடியம் இறங்குவது ஆச்சரியமில்லை. அத்தனை லிட்டர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே கணக்குச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எண்ணை அவசரமாக ஏற்றவும் கூடாது. வலிப்பு வந்தவருக்கு அடர்ந்த சலைன் கொஞ்சம் உடனே ஏற்றித்தான் ஆக வேண்டும். மற்றபடி 24 மணி நேரத்தில் 8, 10 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சில நாளாகக் குறைந்த சோடியத்துக்குப் பழகிய மூளைச் செல்கள் தங்களுக்குள்ளிருந்த கரைபொருள்களை வெளியே அனுப்பிவிட்டு ஒருவாறு சமாளித்துக்கொண்டிருக்கும். வெளியே திடீரென்று உப்பு கூடினால் அவற்றிலிருந்து தண்ணீர் வெளியே ஓடும், நரம்பிழைகளின் உறை சிதையும், பேச்சும் கைகாலும் போகக்கூடும். 118-லிருந்து ஒரே நாளில் 135-க்குக் கொண்டுவரவில்லையே என்று வார்டில் சண்டை போடுகிறவர்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவருக்கு உப்பு போயிருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா?